ரெட் ஒயினை ஒப்பிட்டுச் சுவைப்பதும் நாப்பா, சோனோமா போய்வருவதும்: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வரும் உறவினர்களை ஒரு சனிக்கிழமை நாப்பா பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. போகிறவர்களில் பாதிப் பேர் நாலு ஒயினரிகளில் ஏறி இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, எங்கே எதைக் குடித்தோம் என்பதே நினைவில்லாமல் திரும்புகிறார்கள். செலவும் கொஞ்சநஞ்சமில்லை. இது வருத்தமான விஷயம். ஏனென்றால் அந்த மண்ணில் பார்க்கவும் சுவைக்கவும் அவ்வளவு இருக்கிறது.

தனியாக ஒரு கிளாஸ் குடித்தால் ‘நன்றாக இருக்கிறது’, ‘பிடிக்கவில்லை’ என்பதற்கு மேல் நாக்குக்கு எதுவும் பிடிபடாது. இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் எழுந்து நிற்கும். ஆகவே முதலில் வீட்டு மேசையில் பழகுங்கள், பிறகு தோட்டத்துக்குப் போங்கள். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

தொடங்குமுன் ஒன்று. மதுவில் ‘பாதுகாப்பான அளவு’ என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகளும், மருந்து சாப்பிடுகிறவர்களும், குடியை விட்டவர்களும் கட்டாயம் விலகியிருக்க வேண்டும். இங்கே சொல்லப்போவது அளவைக் குறைத்துக் கவனத்தைக் கூட்டும் முறை. ஒயின் தொழிலில் இருப்பவர்கள் சுவைத்துவிட்டுத் துப்புகிறார்கள். நீங்களும் துப்பலாம்.

படி 1: வாயில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் பெரும்பாலான ரகங்களில் சாறு நிறமில்லாமல்தான் வரும். சிவப்பு தோலில் இருக்கிறது. தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்து புளிக்கும்போது நிறத்தோடு டானினும் இறங்குகிறது. டானின் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் நாக்கின் வழவழப்பு போய், ஈறும் கன்னமும் இழுத்துப் பிடித்தாற்போல ஆகிவிடும். அறுசுவையில் துவர்ப்பைச் சேர்த்து வளர்ந்த நமக்கு இது எளிது. நாவற்பழம், பால் விடாத கடும் தேநீர், கடுக்காய் எல்லாம் செய்வது இதைத்தான். ரெட் ஒயினை ஒப்பிடும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி: துவர்ப்பு எவ்வளவு, அது சொரசொரப்பா, பட்டுப்போலவா?

அடுத்தது புளிப்பு. விழுங்கிய பின் வாயில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று பாருங்கள். நிறைய ஊறினால் புளிப்பு அதிகம். தொண்டையில் இறங்கும் சூடு ஆல்கஹால். வாயை நிறைக்கும் கனம், ரசத்துக்கும் குழம்புக்கும் உள்ள வேறுபாடு போல, ஒயினுக்கு ஒயின் மாறும்.

இனிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நல்ல ரெட் ஒயின்களில் பெரும்பாலானவற்றில் சர்க்கரை ஏறக்குறைய இருக்காது. பழ மணம்தான் இனிப்புப்போலத் தோன்றும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அந்த ‘இனிப்பு’ காணாமல் போனால் அது மூக்கின் வேலை.

படி 2: மேசையைத் தயார் செய்யுங்கள்

மூன்று பாட்டில், ஒரே மாதிரியான கிளாஸ்கள், அடியில் ஒரு வெள்ளைத் தாள், தண்ணீர், உப்பில்லாத ரொட்டி, துப்ப ஒரு கிண்ணம். ஒரு கிளாஸில் 40, 50 மில்லி போதும். மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்தால் செலவும் பங்காகும்.

ரெட் ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ குடிக்கவேண்டும் என்பது ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளில் பிறந்த வழக்கம். சென்னையின் 32 டிகிரிக்கு அது பொருந்தாது. 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியானது. ஃபிரிட்ஜில் வைத்து, அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் எடுங்கள். சூடான ஒயினில் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை: ஊதுபத்தி, சாம்பிராணி, தலையில் மல்லிகை, அடுப்பில் தாளிப்பு ஆகியவை இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். ஒயினின் மணம் இவற்றோடு போட்டி போட முடியாது.

படி 3: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இதுதான் முறையின் உயிர். கண்ணில் பட்ட மூன்று பாட்டிலை வாங்கி ஒப்பிட்டால் வித்தியாசம் ரகத்தினாலா, ஊரினாலா, வருடத்தினாலா என்று தெரியாது.

முதல் அமர்வில் ரகத்தை மாற்றுங்கள். கலிஃபோர்னியாவுக்குள்ளேயே கேபர்னே சோவின்யோன், பினோ நுவார், ஸின்ஃபாண்டெல் மூன்றையும் எடுங்கள். இந்த மூன்றுக்கும் உள்ள தூரம், தொடக்கக்காரருக்குக்கூட முதல் வாயிலேயே தெரியும்.

பினோ நுவாரை முதலில் ஊற்றுங்கள். தோல் மெல்லிய ரகம், குளிர்ந்த இடத்தில்தான் நன்றாக வரும். கிளாஸைச் சாய்த்தால் அடியிலுள்ள தாள் தெரியும். துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கலாக இருக்கும். செர்ரி மணமும் சிலசமயம் காளான், ஈரச் சருகு மணமும் வரும்.

கேபர்னே அதற்கு நேர்மாறு. சிறிய பழம், தடித்த தோல், சாற்றோடு ஒப்பிட்டால் விதை அதிகம். ஆகவே நிறம் அடர்த்தி, துவர்ப்பு பலம். இந்த ரகம் கேபர்னே ஃபிராங்கும் சோவின்யோன் பிளாங்கும் தற்செயலாகக் கலந்து பிறந்தது என்று டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கரோல் மெரடித்தும் ஜான் பவர்ஸும் 1997இல் மரபணு ஆய்வில் நிறுவினார்கள். தாயும் தந்தையுமாக ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும்! கேபர்னேயில் சிலசமயம் வரும் பச்சைக் குடைமிளகாய் வாசனை, குடைமிளகாயிலும் இருக்கும் பைரசின் என்ற வேதிப்பொருளினால் வருவது. வெயில் போதாத வருடங்களில் அது கூடும்.

ஸின்ஃபாண்டெல் கலிஃபோர்னியாவின் செல்லப்பிள்ளை. இதுவும் இத்தாலியின் பிரிமிட்டிவோவும் குரோஷியாவின் ஒரு பழைய ரகமும் ஒன்றேதான் என்பது 2001வாக்கில் மரபணுச் சோதனையில் உறுதியானது. இதன் குலையில் பழங்கள் ஒன்றுபோலப் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் காயும் இருக்கும், உலர்திராட்சையாகச் சுருங்கியதும் இருக்கும். சுருங்கிய பழத்தின் சர்க்கரையால் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொடும், தாண்டும். ஜாம்போன்ற பழமும் மிளகுக் காரமும் சேர்ந்து வரும். என் கணிப்பில், புதிதாகச் சுவைக்கிற தமிழர்களுக்கு முதலில் பிடிப்பது இதுதான்.

இரண்டாவது அமர்வில் ரகத்தை நிறுத்திவைத்து ஊரை மாற்றுங்கள். நாப்பாவின் சமவெளிக் கேபர்னே ஒன்று, அதே நாப்பாவின் ஹவல் மவுண்டன் மலைக் கேபர்னே ஒன்று, அண்டை மாவட்டமான சோனோமாவின் அலெக்ஸாண்டர் பள்ளத்தாக்குக் கேபர்னே ஒன்று. மூன்றும் ஒரே வருடத்தவையாக இருக்கட்டும். மலையில் மண் ஆழமில்லை, பழம் சிறுத்து வரும், துவர்ப்பு முரடாக இருக்கும். இந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் பிறகு அந்த மலையைக் கண்ணால் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியே வேறு.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். அமெரிக்கச் சட்டப்படி ரகத்தின் பெயரைப் போட அந்தத் திராட்சை 75 சதவீதம் இருந்தால் போதும். ‘நாப்பா வேலி’ போன்ற அங்கீகரிக்கப்பட்ட திராட்சைப் பகுதியின் பெயரைப் போட 85 சதவீதம் அங்கே விளைந்திருக்க வேண்டும். ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்கு அங்கே சட்டப் பொருள் எதுவும் கிடையாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்குமுன் யோசியுங்கள்.

படி 4: லேபிளை மறைத்துவிடுங்கள்

ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு காகிதப் பையில் போட்டு எண் எழுதுங்கள். ஊற்றுகிறவர் ஒருவர், எண் மாற்றுகிறவர் இன்னொருவர். யாருக்கும் எது எது என்று தெரியக்கூடாது.

இது விளையாட்டுக்காக அல்ல. பிரான்ஸின் போர்தோவில் ஒயின் தயாரிப்பைப் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களிடம், மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். இந்த ஆய்வு 2001இல் வெளியானது. 2008இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வொன்றில் ஒரே ஒயினுக்கு இரண்டு விலை சொன்னபோது, விலை அதிகம் என்று சொல்லப்பட்டதே சுவையாக இருந்தது என்றார்கள் குடித்தவர்கள். கண்ணும் காசும் நாக்குக்கு முந்திக்கொள்கின்றன.

நாப்பாவின் தலையெழுத்தையே மாற்றியதும் இப்படி ஒரு மறைத்துச் சுவைத்தல்தான். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னிய ஒயின்களையும் பெயர் மறைத்து, பிரெஞ்சு நடுவர்கள் முன் வைத்தார். சிவப்பில் நாப்பாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 கேபர்னே முதலிடம். போர்தோவின் பெருமைக்குரிய மூத்தோன் ரோத்ஷில்டு இரண்டாமிடம். வெள்ளையிலும் நாப்பாவின் ஷத்தோ மான்ட்டெலீனாவே வென்றது. லேபிள் தெரிந்திருந்தால் அந்த முடிவு வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

கொஞ்சம் தேறியபின் முக்கோணச் சோதனை செய்யுங்கள். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. தனித்து நிற்பது எது என்று கண்டுபிடிக்கவேண்டும். கேட்க எளிது. செய்து பார்த்தால், இரண்டு அண்டைத் தோட்டத்துக் கேபர்னேக்களைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். அதன்பிறகு இரண்டுக்கும் இடையிலுள்ள 80 டாலர் விலை வித்தியாசத்தை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

படி 5: உங்கள் மூக்கின் சொற்களில் எழுதுங்கள்

டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1980களில் உருவாக்கிய ‘மணச் சக்கரம்’ உலகெங்கும் பயன்படுகிறது. பயனுள்ளதுதான். ஆனால் அதிலுள்ள கருப்பு கரன்ட் பழத்தை நம்மில் பலர் முகர்ந்ததே இல்லை. நாவல், இலந்தை, பேரீச்சை, மிளகு, சுருட்டு, சுக்கு என்று எழுதுங்கள். தவறே இல்லை. சிரா என்ற ரகத்து ஒயினில் வரும் மிளகு மணம் உண்மையாகவே மிளகிலுள்ள ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான். ஒயினை ஊறவைக்கும் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வரும் கிராம்பு மணம் கிராம்பிலுள்ள யூஜினால்தான். நம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து முகர்வதே நல்ல பயிற்சி.

தேதி, பெயர், வருடம், துவர்ப்பு, புளிப்பு, கனம், மணம், ‘இன்னொரு கிளாஸ் கேட்பேனா?’ இவ்வளவு எழுதினால் போதும். கடைசிக் கேள்வியின் பதிலை முதலில் எழுதிவிடுங்கள்.

சாப்பாட்டோடு குடித்துப் பார்த்ததையும் எழுதிவையுங்கள். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் சூட்டையும் துவர்ப்பையும் தூக்கிக் காட்டும். காரமான மட்டன் சுக்காவோடு 15 சதவீத ஒயின் வாயை எரிக்கும். லேசாகக் குளிரவைத்த பினோ நுவார் தாக்குப்பிடிக்கும். கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கும் என்பதால், மிளகாய் குறைத்து மிளகு தூக்கிய வறுவலோடு கேபர்னே நன்றாகப் போகும்.

படி 6: நாப்பாவா, சோனோமாவா?

உங்கள் குறிப்பேடு சொல்லும். கேபர்னே பிடித்தால் நாப்பா. பினோ நுவாருக்கு சோனோமாவின் ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கு. ஸின்ஃபாண்டெலுக்கு சோனோமாவின் டிரை கிரீக் பள்ளத்தாக்கு.

நாப்பா சிறியது. நீளம் சுமார் 48 கிலோமீட்டர், அகலம் சில கிலோமீட்டர்தான். மேற்கே மாயகாமாஸ் மலை, கிழக்கே வாக்கா மலை. கலிஃபோர்னிய ஒயினின் மொத்த அளவில் இதன் பங்கு 4 சதவீதம் அளவே. வடக்கே போனால் குளிரும் என்று நினைப்போம், இங்கே தலைகீழ். தெற்கிலுள்ள சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து குளிர்காற்றும் மூடுபனியும் ஏறிவருவதால் தெற்கின் கார்னெரோஸ் குளிர்ச்சி, வடமுனையின் கலிஸ்டோகா கொதிப்பு. அதனால்தான் கார்னெரோஸில் பினோ நுவார், நடுவிலுள்ள ஓக்வில், ரதர்ஃபோர்டில் கேபர்னே. காலையில் சில்வராடோ டிரெயில் சாலையில் வடக்கே காரோட்டினால் மூடுபனி எங்கே முடிகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஹவல் மவுண்டன் அந்தப் பனிக்கோட்டுக்கு மேலே வெயிலில் நிற்கும்.

இவ்வளவு அருகில் பெருநகரங்கள் இருந்தும் நாப்பா வீட்டுமனைகளாகாமல் தப்பியதற்குக் காரணம், 1968இல் நாப்பா மாவட்டம் கொண்டுவந்த வேளாண் நிலப் பாதுகாப்புச் சட்டம். அமெரிக்காவில் இப்படி ஒன்று அதுவே முதல். விளைநிலம் பிளாட்டாவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அருமை புரியும்.

சோனோமா பரந்தது, கொஞ்சம் மலிவு, அலட்டல் குறைவு. முதல் பயணத்துக்கு நான் சோனோமாவைத்தான் சொல்வேன்.

படி 7: மாதத்தையும் கிழமையையும் தேர்ந்தெடுங்கள்

ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை அறுவடை. புளிக்கும் சாற்றின் மணம் தெருவெல்லாம் வீசும். ஆனால் கூட்டமும் விலையும் உச்சம், ஒயினரி ஆட்களுக்குப் பேச நேரமிருக்காது. காட்டுத்தீக் காலமும் அதுவே. 2017 அக்டோபரிலும் 2020இலும் இந்தப் பகுதி கடுமையாக எரிந்தது. புகை படிந்த திராட்சையால் 2020இல் பலர் சிவப்பு ஒயினே செய்யவில்லை.

பிப்ரவரியும் மார்ச்சின் தொடக்கமும் எனக்குப் பிடித்த காலம். இலையுதிர்ந்த கொடிகளின் வரிசைகளுக்கு இடையே கடுகு மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மண்ணைக் காக்க விடுகிற ஊடுபயிர் அது. செவ்வாய், புதனில் போனால் ஊற்றித் தருபவர் நின்று பேசுவார்.

படி 8: ஒரு நாளுக்கு இரண்டு ஒயினரி

மூன்றாவதிலேயே நாக்கு மரத்துவிடும். காலை 10.30க்கு ஒன்று, நல்ல மதியச் சாப்பாடு, 2.30க்கு ஒன்று. ஒன்று பெரியதும் பழையதுமாக இருக்கட்டும். 1861இல் தொடங்கிய சார்ல்ஸ் கிரக், 1876இன் பெரிங்கர், சோனோமாவில் 1857இன் புவெனா விஸ்டா போன்றவை. பெரிங்கரின் குகைகளைப் பார்த்தால் அவற்றைக் கையால் குடைந்த சீனத் தொழிலாளர்களை நினையுங்கள். அவர்களுடைய உழைப்பை வாங்கிக்கொண்ட நாடு 1882இல் சீனர் குடியேற்றத் தடைச் சட்டம் போட்டது. இன்றைக்கு அந்தக் கொடிகளில் கத்தரிக்கோல் பிடிக்கும் கைகளில் பெரும்பாலானவை மெக்சிகோவிலிருந்து வந்தவை. இரண்டாவது ஒயினரி சிறிய குடும்பத் தோட்டமாக இருக்கட்டும்.

நாப்பாவில் பெரும்பாலான இடங்களுக்கு முன்பதிவு கட்டாயம். ஆளுக்கு 50 டாலருக்கு மேல் கட்டணம் சாதாரணம். 21 வயது ஆனதற்கான அடையாள அட்டை வேண்டும், ஊரிலிருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லட்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் அனுமதி உண்டா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர் குடிக்கக்கூடாது, ஒரு வாய்கூட. ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது சட்ட எல்லைதான், அதுவரை குடிக்கலாம் என்று பொருளில்லை. எல்லோரும் சுவைக்க ஆசைப்பட்டால் ஓட்டுநர் வைத்துக்கொள்ளுங்கள். மூடி திறந்த பாட்டில் இருந்தால் டிக்கியில்தான் வைக்கவேண்டும்.

சென்ட், வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

படி 9: டேஸ்ட்டிங் ரூமில் வாயைத் திறந்து கேளுங்கள்

துப்புக் கிண்ணம் மேசையிலேயே இருக்கும். துப்பினாலோ மீதியைக் கொட்டினாலோ யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். வரிசையாக ஊற்றும்போது, ‘முதல் கிளாஸைக் காலி செய்யாமல் இரண்டாவதோடு வைத்து ஒப்பிடலாமா?’ என்று இன்னொரு கிளாஸ் கேளுங்கள். தருவார்கள். இந்தத் திராட்சை எந்தச் சரிவில் விளைந்தது, புது ஓக் எவ்வளவு, எத்தனை மாதம் பீப்பாயில் இருந்தது என்று கேளுங்கள். 225 லிட்டர் பிடிக்கும் ஒரு புதுப் பிரெஞ்சு ஓக் பீப்பாய் விலை உயர்ந்தது, அதில் சுமார் 300 பாட்டில்தான் வரும். விலையின் ஒரு பங்கு அங்கே போகிறது.

சைவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளை, ஜெலட்டின், மீனின் காற்றுப்பை ஆகியவற்றிலிருந்து எடுத்த புரதத்தைச் சிலர் சேர்ப்பார்கள். வேலை முடிந்ததும் அது அடியில் தங்கிவிடும், லேபிளில் பெரும்பாலும் வராது. ‘தெளியவைக்க எதைச் சேர்க்கிறீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். எதுவும் சேர்க்காமல் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

தோட்டத்துக்குள் நடக்க அனுமதித்தால் விடாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை தலைக்குமேல் பந்தலில் தொங்கும். இங்கே கொடி இடுப்பளவில் கம்பியில் ஓடுகிறது. டிரை கிரீக்கின் பழைய ஸின்ஃபாண்டெல் கொடிகளுக்குக் கம்பியும் கிடையாது. முறுக்கிய அடிமரத்தோடு, ஒன்றுக்கொன்று தள்ளி, தனித்தனிச் செடியாக நிற்கும். செப்டம்பராக இருந்தால் அனுமதி கேட்டு ஒரே ஒரு கேபர்னே பழத்தை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். சதை கொஞ்சம்தான், இனிப்பு தித்திக்கும். அதைத் துப்பிவிட்டுத் தோலை மட்டும் மெல்லுங்கள். கருஞ்சிவப்பு நாக்கில் ஏறும், பத்து விநாடியில் துவர்ப்பு பிடிக்கும். பிறகு விதையைக் கடியுங்கள். பச்சையாக இருந்தால் கசக்கும். பழுப்பாகிப் மொறுமொறுவென்று உடைந்தால் அறுவடைக்கு நாள் நெருங்கிவிட்டது. ஒயின் செய்கிறவர்களும் ஆய்வக அளவைகளோடு கூட இப்படி மென்றுதான் முடிவெடுக்கிறார்கள்.

கிளம்பும்போது ‘ஒயின் கிளப்’ உறுப்பினராகச் சொல்வார்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்தும் அந்த ஒயின் நினைவில் இருந்தால் சேரலாம்.

படி 10: வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

எட்டு பாட்டிலை ஆசைப்பட்டு அள்ளுவதைவிட, மிகவும் பிடித்த ஒன்றில் இரண்டு வாங்குங்கள். ஒன்றை இந்த வருடம் திறந்து குறிப்பெழுதுங்கள். மற்றதை ஐந்து வருடம் இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, அதே குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள். நல்ல கேபர்னேயில் துவர்ப்பு எப்படித் தணிகிறது என்பதைக் காட்ட இதைவிடச் சிறந்த ஒப்பீடு கிடையாது.

வெயில் நாளில் காருக்குள் பாட்டிலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சில மணி நேரச் சூட்டிலேயே ஒயின் கெட்டு, கார்க் வெளியே தள்ளும். குளிர்பெட்டி ஒன்று காரில் இருக்கட்டும். இந்தியாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குச் சுங்கவரி இல்லாத அளவு ஆளுக்கு 2 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டிலில் இரண்டு. மூன்றாவதை வைத்தால் அளவு தாண்டிவிடும். பெட்டியின் நடுவில், துணிகளுக்குள் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வாரம் பாட்டிலை அசைக்காமல் விட்டுவிட்டுத் திறங்கள். திறந்தபின் மீதியிருந்தால் கார்க்கை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளைக்குத் தாங்கும்.